4-வே கேச்சில் டேக் ஏன் 20 பிட்?

16 கேபி கேச் (செயலிக்குப் பக்கத்திலுள்ள சிறிய, வேகமான நினைவகம்), 64 பைட் பிளாக், 4-வே செட் அசோசியேட்டிவ் (ஒரு பிளாக் தன் செட்டின் நான்கு இடங்களில் எதிலும் இருக்கலாம்), 32 பிட் முகவரி. உங்களுக்கு டேக் (கேச்சில் இருப்பது எந்த பிளாக் என்று அடையாளம் காட்டும் முகவரியின் மேல் பகுதி) 18 பிட் வருகிறது, விடைக்குறிப்பில் 20 இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். விடைக்குறிப்பு சரிதான். 16384-ஐ 64-ஆல் வகுத்து, 256 பிளாக், அதனால் இண்டெக்ஸ் 8 பிட் என்று போட்டிருக்கிறீர்கள். டைரக்ட் மேப்பிங் (ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரே ஓர் இடம்) என்றால் அது சரி. இங்கே இண்டெக்ஸ் காட்டுவது செட்டை. ஒரு செட்டில் 4 பிளாக், ஆக 64 செட், 6 பிட். ஆஃப்செட்டும் (64 பைட் பிளாக்குக்குள் எந்த பைட் என்பது) 6. மீதி 20 டேக்.

ஹெக்ஸில் 12345678 என்ற முகவரியைப் பிரித்துப் பாருங்கள். கடைசி 678 பைனரியில் 0110 0111 1000. வலது ஓரத்து ஆறு பிட் 111000, அதாவது பிளாக்குக்குள் பைட் எண் 56. அடுத்த ஆறு 011001, செட் எண் 25. டேக் அப்படியே 12345. அந்த செட்டின் நான்கு டேக்கையும் ஹார்டுவேர் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுவிடும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: இண்டெக்ஸும் ஆஃப்செட்டும் சேர்ந்து 12 பிட். விர்ச்சுவல் மெமரியில் நினைவகத்தைப் பிரிக்கும் 4 கேபி பேஜின் ஆஃப்செட்டும் 12 பிட்தான்; விர்ச்சுவல் முகவரியை நிஜ முகவரியாக மாற்றும்போது இந்த 12 பிட் மாறாது. அதனால் டிஎல்பி (அந்த மாற்றத்தை வேகமாகச் செய்யும் சிறு அட்டவணை) முகவரியை மாற்றி முடிக்கும் முன்பே கேச் செட்டை எடுக்கத் தொடங்கலாம். இன்டெல் பல ஆண்டுகள் வைத்திருந்த 32 கேபி, 8-வே எல்1 (செயலிக்கு மிக அருகிலுள்ள) டேட்டா கேச்சிலும் இதே 64 செட். விர்ச்சுவல் மெமரி பாடம் வரும்போது இந்தக் கணக்கை மறுபடி எடுத்துப் போட்டுப் பாருங்கள்.