ஆடியவர் பயிற்றுவிக்க வரும்போது: கூடைப்பந்து கேள்வி பதில்

மட்டக்களப்பில் பாடசாலை அணிக்கு ஆடி, இப்போது உடற்கல்வி ஆசிரியராகவும் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளராகவும் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

கல்லடி: சேர், நல்லா விளையாடினவர்தானே நல்ல கோச்சாக வரலாம்?

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. ஆட்டம் கைக்கு வருவது வேறு, அதை இன்னொருவருக்குப் புரியவைப்பது வேறு. இரண்டும் சேர்ந்து அமைந்தவர் அமெரிக்காவின் ஜோன் வூடன். பர்டியூ பல்கலைக்கழக அணியில் நட்சத்திரம். 1932இல் படிப்பு முடித்துப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்தபடியே அணிகளைப் பழக்கினார். 1948இல் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போனார்; முதல் தேசிய சாம்பியன் பட்டம் 1964இல்தான் கிடைத்தது. 1975இல் ஓய்வுபெறும்போது கையில் 10 பட்டங்கள். அவ்வளவு பெரிய அணிக்கும் பருவத்தின் முதல் நாள் பாடம், காலுறையைச் சுருக்கமில்லாமல் போட்டுச் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டுவது. காலில் கொப்புளம் வந்தவன் ஓடமாட்டான் அல்லவா?

களுவாஞ்சிக்குடி: மகனின் கோச் எப்போதும் ஏசுகிறார். பிள்ளை பயப்படுகிறான். நிறுத்திவிடவா?

அவசரப்படாதீங்க அம்மா. 1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் வூடனின் பயிற்சிகளைப் பார்த்து, அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் குறித்தார்கள். முக்கால்வாசிக்கு மேல் "இதை இப்படிச் செய்" என்ற விளக்கம். பாராட்டும் குறைவு, ஏச்சும் குறைவு. ஒருவன் பிழைவிட்டால் சரியான முறையைச் செய்துகாட்டுவார், அவன் செய்ததைச் செய்துகாட்டுவார், மறுபடி சரியான முறையைக் காட்டுவார். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

நீங்களும் ஒரு பின்னேரம் மைதானத்தில் இருந்து கேளுங்கள். சத்தம் போட்டாலும் "முழங்கையை உள்ளே வை, விரல் நுனியால் விடு" என்று சொல்லித்தருகிறாரா? அப்படியென்றால் பிள்ளைக்கு ஏதோ கிடைக்கிறது. எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது மட்டும்தான் நடக்கிறது என்றால் பாடசாலையில் பேசத்தான் வேண்டும்.

கல்முனை: ஏ.எல். முடித்துவிட்டேன். இதையே தொழிலாக்க வழி இருக்கா சேர்?

இருக்கு தங்கச்சி. ஆனால் பயிற்றுவிப்பை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்துவது கஷ்டம்; ஆசிரியத் தொழிலோடு சேர்த்துப் பிடியுங்கள். சபரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டப்படிப்பு இருக்கிறது. தேசிய கல்வியியற் கல்லூரிகளிலும் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி உண்டு. விண்ணப்பம் கோரும்வரை சும்மா இருக்காமல் பழைய பாடசாலையின் சின்ன வகுப்பு அணிக்கு உதவிசெய்யுங்கள், மத்தியஸ்தமும் பழகுங்கள். கற்பிக்கப் பிடிக்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆரையம்பதி: அப்பா அடிக்கடி ஹீபர்ட் பாதர் என்பார். அவர் யார்?

யூஜின் ஜோன் ஹீபர்ட், அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்த இயேசுசபைத் துறவி. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் கூடைப்பந்து பழக்கியவர். பின்னர் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்தி, இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவரும் கூடவந்த தமிழ் இளைஞரும் காணாமல் போனார்கள். உங்கள் அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்வதை எழுதி வையுங்கள். பாதரிடம் பழகியவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.

செங்கலடி: மகளுக்கு 9 வயது. எந்தப் பந்து வாங்க?

5ஆம் இலக்கம். 7ஆம் இலக்கம் ஆண்களுக்கு, 6 பெண்களுக்கு. பெரிய பந்தைக் கொடுத்தால் பிள்ளை தோளால் எறியப் பழகிவிடும், அதைத் திருத்த வருஷக்கணக்காகும். வளையமும் 3.05 மீற்றர் உயரத்தில் வேண்டாம், 2.60 போதும்.