காரின் பின் கண்ணாடிக்கும் முன் கண்ணாடிக்கும் வீட்டிலேயே சன் ஃபிலிம் ஒட்டலாமா?

அனேகமாக ஆன்லைனில் ரோல் வாங்கிவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். கார் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது, கடையில் சொன்ன கூலி அதிகமாகத் தெரிகிறது, வீடியோவில் ஒருவர் பத்து நிமிடத்தில் ஒட்டிவிட்டுச் சிரிக்கிறார். சென்னை ஜி.பி. ரோட்டில் ஃபிலிம் ஒட்டியே குடும்பம் நடத்தியவன் நான். பின் கண்ணாடியைக் கை பழகிய ஆளிடம் விடுங்கள், முன் கண்ணாடியில் எதையும் ஒட்டாதீர்கள்.

முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம் என்பது மோட்டார் வாகன விதி. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எந்த ஃபிலிமும் கூடாது என்றது. அதற்குப் பிறகு விதி திருத்தப்பட்டதும், அந்த அளவுக்குள் இருக்கும் தரமான ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதும் எனக்குத் தெரியும், அதை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கம்பெனிக் கண்ணாடி 80 சதவீதம் விடுகிறது, அதன்மேல் 80 சதவீத ஃபிலிம் ஒட்டுகிறீர்கள் என்றால் மிஞ்சுவது 64தான். 'லைட் ஃபிலிம்தான் சார்' என்று விற்பவர்கள் இந்தப் பெருக்கலைச் சொல்ல மாட்டார்கள். போதாததற்கு உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் என்றால் ஃபாஸ்டேக் சிக்னலையும் தடுக்கும், டோல்கேட்டில் பின்னால் நிற்பவன் ஹாரன் அடிப்பான்.

பின் கண்ணாடிக்கும் அதே 70 சதவீதக் கணக்குதான், ஆனால் ஒட்டும் வேலை வேறு கதை. அது மேலும் கீழும் வளைந்திருக்கும், இடமும் வலமும் வளைந்திருக்கும், ஃபிலிமோ தட்டையானது. அதனால் முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பரப்பி, மடிப்புகளை ஒரே திசையில் ஒதுக்கி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சுருக்கி, அந்த வளைவுக்குப் படியவைத்து வெட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே ஒட்டுவது. ரோலின் நீளவாக்கில்தான் ஃபிலிம் நன்றாகச் சுருங்கும், திசை மாற்றிப் போட்டால் எவ்வளவு சூடு காட்டினாலும் மடிப்பு போகாது. ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் கண்ணாடியே விரிசல் விடும். ஓரத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளின் மேல் ஃபிலிம் சரியாகப் பிடிக்காது, அதை வேலைக்காரனின் குறை என்று சொல்லிக் கூலியைக் குறைக்காதீர்கள்.

ஒட்டுவதைவிடப் பிரிப்பது கடினம். 2012 தீர்ப்பு வந்த கையோடு எங்கள் தெருவில் கார்கள் வரிசை கட்டின, எல்லோருக்கும் அன்றைக்கே பிரித்தாக வேண்டும். அப்போது ஒருவர் வந்தார். வேறு எங்கோ சாலையோரத்தில் பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள், பின் கண்ணாடியின் உட்புறம் ஓடும், சூடாகி மூடுபனியைப் போக்கும் டிஃபாகர் கோடுகள் பாதி அறுந்துபோயிருந்தன. மீதிப் பாதியில் ஃபிலிம் இன்னும் ஒட்டியிருந்தது. சூடு காட்டி, மூலையைப் பிடித்து, கோடுகள் போகும் திசையிலேயே மெதுவாக உரித்தேன். பசையை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் மட்டும் துடைத்தேன். என் பக்கம் ஒரு கோடு கூட அறுபடவில்லை. பணம் கேட்டபோது அவர் சொன்னது, "பேப்பரைக் கிழிக்க இவ்வளவா?" பிளேடு போட்டவனிடம் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தவர் இவர்! இந்தப் பேச்சு இன்றைக்கும் மாறவில்லை. நாள் முழுக்க காருக்குள் முதுகை வளைத்து வேலை செய்பவனுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் என்று பெயர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முன் கண்ணாடிக்கு ஃபிலிம் கேட்டு வருபவர்களில் பலர் வெயிலுக்காக வருவதில்லை, ராத்திரியில் எதிரே வரும் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றுதான் வருகிறார்கள். ஃபிலிம் போட்டால் அந்த வெளிச்சத்தோடு சேர்ந்து, விளக்கில்லாமல் ஓரமாகப் போகும் சைக்கிள்காரரும் மறைந்துபோவார். ஜி.எஸ்.டி. ரோட்டில் இரவு ஓட்டிப் பாருங்கள், பாதிப் பேர் வெள்ளை எல்இடி பல்பை மாட்டிக்கொண்டு ஹை பீமை இறக்குவதே இல்லை. ஃபிலிமுக்கு வண்டியை ஓரம் கட்டச் சொல்கிற போலீஸ் அந்த பல்புக்காக நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.