வீட்டுல தைச்ச மக்லக்குக்கு சோல்: கேளுங்க, சொல்றேன்

வட கனடாவுல இருக்கிற யெல்லோநைஃப்ல எனக்கு இது 8-வது குளிர்காலம். இங்க ஒரு டெனே பூர்வகுடிப் பாட்டிகிட்ட உக்காந்துதான் மக்லக் தைக்கக் கத்துக்கிட்டேன், முழங்கால் வரைக்கும் வர்ற ரோமத்தோல் பூட்ஸ். மேல்பாகத்த நிறைய பேர் அழகா தைச்சுடுறீங்க, சோல்ல மாட்டிக்கிறீங்க. அத மட்டும் கேளுங்க.

கேள்வி (டொரோண்டோ): அக்கா, மேல்பாகம் தைச்சு முடிச்சிட்டன். சோலுக்கு புகை போட்ட மூஸ் (பெரிய மான்) தோல் வாங்கலாமெண்டு இருக்கிறன், சரிவருமோ?

பதில்: டொரோண்டோவுக்கு வேண்டாம் தம்பி. மூஸ் தோல் காஞ்ச பனிக்குத்தான். இங்க மைனஸ் 30ல பனி மணலாட்டம் கிடக்கும், அதுல அந்த சோல் கால் மடங்குற இடத்துல மடங்கும், வேர்வையையும் வெளிய விட்டுரும். உங்க ரோட்டுல பனியும் உப்பும் சேந்து சேறு, ஊறிப்போயிரும். புகை போடுறது நனைஞ்ச தோல் காயும்போது விறைக்காம இருக்க, அதால தண்ணி புகாதுன்னு நம்பாதீங்க.

உங்களுக்கு ரப்பர்தான், ஆனா ரோமத்தோல்ல நேரா ஒட்டாதீங்க. பட்டை போட்டு பதனிட்ட மாட்டுத்தோல் 4 மில்லிமீட்டர் கனத்துல அடியில வெச்சு மேல்பாகத்தோட தைங்க. தையல் ஓரத்துல ரோமத்த ஒட்ட வெட்டிடணும், நடுவுல மாட்டுச்சுன்னா அது வழியா தண்ணி ஏறும். குத்தூசியால முன்னாடியே ஓட்டை போட்டு, மெழுகு தடவின பாலியஸ்டர் நூல்ல ரெண்டு முனைக்கும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில ரெண்டு பக்கத்துலேர்ந்தும் இழுத்து தைங்க, ஒரு இடத்துல அறுந்தாலும் மொத்தமா பிரியாது. அப்புறம் தோலையும் ரப்பரையும் உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கி, ரெண்டுலயும் செருப்பு ஒட்டுற சொல்யூஷன் தடவி, தொட்டா கையில ஒட்டாத பதம் வந்ததும் சேத்து சுத்தியால தட்டுங்க. தேஞ்சா ரப்பர மட்டும் பிச்சுட்டு வேற போடலாம். நனைஞ்சா ஹீட்டர் பக்கத்துல வெக்காதீங்க.

கேள்வி: பழைய கார் டயர் போடலாமா? ஊர்ல டயர் செருப்பு வருஷக்கணக்கா வருதே.

பதில்: வேண்டாம். ரொம்ப கனம், உள்ள இரும்புக் கம்பி வேற.

கேள்வி: சீல் (கடல்நாய்) தோல் சோல்ல தண்ணியே புகாதாமே, எப்படி?

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. மக்லக்ங்கற பேரே தாடி சீல்ங்கற ஒரு வகை சீலுக்கு அலாஸ்கா பூர்வகுடிகளோட யூப்பிக் மொழியில இருக்கிற சொல்லுலேர்ந்து வந்தது, அந்த சீலோட தோல்தான் சோல். விரலுக்கு முன்னாடியும் குதிகால்லயும் பல்லால கடிச்சு சுருக்கு வெச்சு கிண்ணமாட்டம் வளைப்பாங்க. ஊசி தோல முழுசா துளைக்காது, பாதி கனத்துலயே போய் திரும்பிடும், அப்படி ரெண்டு வரிசை. நூல் காரிபூ மானோட தசைநார், நனைஞ்சா உப்பி ஓட்டைய அடைச்சிடும். கடையில செயற்கை தசைநார்னு விக்கிறது பிளாஸ்டிக் நூல், உப்பாது. சீல் தோல் மக்லக்கோட அமெரிக்கா பார்டர் தாண்டாதீங்க, கடல் பாலூட்டிகளைக் காக்குற 1972 சட்டப்படி பிடுங்கிடுவாங்க.

கேள்வி (வான்கூவர்): ரப்பர் போட்டா அது மக்லக்கே இல்ல. பூர்வகுடி மக்களோட அறிவ கெடுக்கிறீங்க.

பதில்: ஒத்துக்க மாட்டேன். எனக்கு சொல்லிக்குடுத்த பாட்டி, பனி இளகுற மாசத்துல மூஸ் தோல் மேல ரப்பர் உறை மாட்டிக்கிட்டுதான் வெளிய போவாங்க. பனியப் பாத்து சோல மாத்துறதுதான் அவங்க அறிவு.

கேள்வி (அதே வான்கூவர்): ரப்பருக்குள்ள வேர்வை தங்குமே, அதுக்கு என்ன சொல்றீங்க?

பதில்: இது நியாயமான கேள்வி. தங்கும், அந்த ஈரம் உறைஞ்சு கால் மரத்துப்போகும். அதனால கழட்டுற மாதிரி கம்பளி ஃபெல்ட் இன்சோல் ரெண்டு ஜோடி வெச்சு தினமும் மாத்துங்க. கடுங்குளிர்ல நாள் முழுக்க நடக்குறவங்க மூஸ் தோலுக்கே வாங்க, அங்க நான் உங்க கட்சிதான்.

கேள்வி: எந்த பசை நல்லது?

பதில்: முதல் பதில படிங்க.

கேள்வி: நனைஞ்சத ஹீட்டர் மேல வெச்சா சீக்கிரம் காயுமா?

பதில்: மேலயே சொல்லிட்டேனே. கூடாது, கூடாது. ஈரத்தோல் சூடு பட்டா சுருங்கி விறைச்சிடும், பழையபடி வராது. இன்சோல உருவிட்டு ரூம்லயே தொங்க விடுங்க.

கேள்வி: ரோமத்தோல வீட்டுலயே பதனிடுறது எப்படி?

பதில்: அது என் வேலை இல்ல, பதனிடுறவங்ககிட்டயே கேளுங்க.

கேள்வி: அக்கா, என் மூஸ் தோல் சோல் குதிகால்ல மெலிஞ்சுடுச்சு. புதுசு போடணுமா?

பதில்: ஓட்டை விழலைல்ல? அப்ப ஒட்டுப் போட்டா போதும். அதே தோல்ல ஒரு துண்டு, ஓரத்த கத்தியால சீவி மெலிசாக்கி, குதிகாலுக்கு அடியில வெச்சு சுத்தித் தைங்க. முன்பாதத்துக்கும் இப்பவே ஒண்ணு போட்டுருங்க, அடுத்து தேயறது அங்கதான்.