முதன்முதலாக வாங்கிய குதிரைக்கு எப்படிப் பெயர் தேர்ந்தெடுப்பது?

மூன்று வயதுப் பெண் குதிரை ஒன்றை வாங்கியிருப்பதாகவும், வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்வதாகவும், பெயர்ப் பட்டியல்களைப் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியதே தவிரத் தெளிவு வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஈரோடு மாவட்டத்தில் எங்கள் தோட்டத்தில் 11 ஆண்டுகளாகக் குதிரை வளர்த்துவருகிறேன். முதல் குதிரைக்கு வைத்த பெயரை மாற்ற வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது என்பதால், அந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் அந்தக் குதிரையை வாங்கினோம். செந்நிறப் பெண் குதிரை, ராஜஸ்தானின் மார்வாரி இனக் கலப்பு. காது நுனிகள் ஒன்றையொன்று நோக்கி உள்வளைந்திருக்கும். நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. சுழி பார்த்து, பல் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து விலை பேசி முடிக்க ஒரு முழுநாள் பிடித்தது. பெயர் வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றிப் பொட்டைப் பார்த்த என் மகள் ‘நிலா’ என்றாள், எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டிப் பழக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. குதிரையை நிறுத்த நாங்கள் சொல்லும் சொல் ‘நில்’. நன்றாக ஓடுகிறதே என்ற மகிழ்ச்சியில் ‘நிலா’ என்று கூப்பிட்டால், அது சட்டென்று நின்றுவிடும். உண்மையிலேயே நிற்க வேண்டிய இடத்தில் ‘நில்’ என்றாலோ, நாள் முழுவதும் காதில் விழுந்து பழகிப்போன ஒலிதானே என்பதுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். குதிரைக்குப் பிடிவாதம் அதிகம் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். லாடம் அடிக்க வந்த பெரியவர் ஒருவர் வேப்பமரத்தடியில் நின்று சிறிது நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்க கூப்படறதும் நிறுத்தறதும் அதுக்கு ஒரே சத்தமாத்தானுங்க கேக்குது” என்றார். அந்த ஒரு சொல்லில் அத்தனை நாள் குழப்பமும் விளங்கிவிட்டது. குதிரைமீது எந்தக் குற்றமும் இல்லை. தெளிவில்லாத சொல்லைக் கொடுத்தவர்கள் நாங்கள்தான் என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே பெயரின் பொருளை யோசிப்பதற்கு முன், உங்கள் குதிரைக்கு எந்தெந்தச் சொற்களால் கட்டளை இடப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். மிக உயர்ந்த ஒலிகளைக் கேட்பதில் குதிரையின் செவி நம்முடையதைவிடக் கூர்மையானது. மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் எல்லை என்றால், குதிரை 33,000 ஹெர்ட்ஸுக்கும் மேல் கேட்கும். ஆனால் அது பொருளைப் பிரித்தறிவதில்லை. ஒலியின் தொடக்கத்தையும், ஏற்ற இறக்கத்தையும், சொல்பவரின் குரலில் உள்ள மனநிலையையும் பிடித்துக்கொள்கிறது. தமிழில் கட்டளையிடுபவர் ‘நட’ என்ற சொல்லுக்கு அருகில் ‘நதி’யையும், ‘வா’வுக்கு அருகில் ‘வாணி’யையும் வைக்காமல் இருப்பது நல்லது. சவாரிப் பள்ளிகளில் ஆங்கிலத்தில் ‘வாக்’ (நட), ‘ட்ராட்’ (மெல்ல ஓடு) என்று சொல்லிப் பழக்குகிறார்கள். அங்கே விடப்போகும் குதிரைக்கு ‘வாகை’ என்ற அழகான பெயர்கூடத் தொல்லை தரும். இரண்டு அல்லது மூன்று அசையில் முடிவதும், கடைசியில் குரலை நீட்ட இடம் தரும் உயிரொலி இருப்பதும், மேய்ச்சல் நிலத்தின் மறுமுனையிலிருந்து கூப்பிடும்போது மிகவும் உதவும்.

‘நிலா’ இப்படித்தான் ‘தும்பை’ ஆனது. நெற்றியிலிருந்த வெள்ளைப் பொட்டுக்குத் தும்பைப் பூவும் பொருந்தியது. போருக்குச் செல்லும் வீரர் சூடிய பூ என்பதால் குதிரைக்கும் பொருந்தியது. எல்லாவற்றையும்விட, எந்தக் கட்டளையோடும் மோதவில்லை. மாற்றுவது கடினமாக இருக்குமோ என்று அஞ்சினேன், இருக்கவில்லை. சில நாட்கள் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கையில் ஒரு துண்டு கேரட்டையோ ஊறவைத்த கொள்ளையோ நீட்டினோம். பிறகு பழைய பெயரை விட்டுவிட்டோம். இரண்டே வாரத்தில் ‘தும்பே’ என்ற குரலுக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தது. உங்கள் குதிரைக்கு முன்பு இருந்தவர் வைத்த பெயர் ஒன்று இருக்குமானால், அதை மாற்றுவது பாவம் என்றெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை.

பெயருக்கான கருவை எங்கே தேடுவது என்பதற்கு நம் பழைய மரபு நல்ல வழி காட்டுகிறது. சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களைச் சொல்லும் இடத்தில், காரி என்பவனின் குதிரை காரி என்றும், அவனோடு போரிட்ட ஓரியின் குதிரை ஓரி என்றும் வருகிறது. காரி என்றால் கருநிறம், ஓரி என்றால் பிடரி மயிர். குதிரையின் உடம்பைக் கூர்ந்து பார்த்தவன் வைத்த பெயர்கள் என்பதால் இவை எனக்கு மிகவும் பிடித்தவை. சேரனின் குதிரையைப் பாடலம் என்றும், சோழனின் குதிரையைக் கோரம் என்றும், பாண்டியனின் குதிரையைக் கனவட்டம் என்றும் நிகண்டுகள் தனித்தனியே பெயர் சொல்லி வைத்திருக்கின்றன. இவற்றில் பாடலம் இன்றும் வாய்விட்டுக் கூப்பிட ஏற்றது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த செஞ்சி தேசிங்கு ராஜனின் குதிரையை நாட்டுப்புறக் கதைப்பாடல் பாராசாரி என்று பாடுகிறது. அந்தப் பெயரில் வரும் மூன்று நெடில்களைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், குரல் எவ்வளவு தொலைவு போகிறது என்பது தெரியும்.

நிறத்தை வைத்துப் பெயரிடும்போது ஒரு எச்சரிக்கை உண்டு. வெள்ளையாகத் தோன்றும் குதிரைகளில் பெரும்பாலானவை பிறக்கும்போது கறுப்பாகவோ செந்நிறமாகவோ இருந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல நரைப்பவை. வியன்னாவின் சவாரிப் பள்ளியில் புகழ்பெற்ற லிப்பிசானர் வெள்ளைக் குதிரைகளும் கருங்குட்டிகளாகவே பிறக்கின்றன. தும்பை 2021இல் ஆண் குட்டி ஈன்றபோது, அதன் கருநிறத்தைக் கண்டு ‘காரி’ என்று வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் தகப்பன் குதிரை நரைநிறம். குட்டியின் கண்ணைச் சுற்றியும் சில வெள்ளை மயிர்கள் தெரிந்தன. பெற்றோரில் ஒன்றேனும் நரைநிறமாக இல்லாமல் நரைக்கும் குட்டி பிறக்காது. இங்கே தகப்பனும் நரை, அடையாளமும் கண்ணெதிரே. இப்போது அது சாம்பல் நிறத்தில் நிற்கிறது, இன்னும் சில ஆண்டுகளில் முழு வெள்ளையாகிவிடும். அடர்ந்த பிடரியைப் பார்த்து ‘ஓரி’ என்று வைத்ததால், நிறம் மாறியும் பெயர் நிலைத்திருக்கிறது. உங்கள் குதிரைக்கு மூன்று வயதுதான் ஆகிறது என்பதால், அதன் பெற்றோரின் நிறத்தை விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களின் பெயரை வைப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் ஓரிக்கு என் தாத்தாவின் பெயரைச் சூட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது, என் அம்மா மறுத்துவிட்டார். மாமனாரின் பெயரை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. அந்தக் குதிரையை எப்படிக் கூப்பிடுவார், அது செடியைக் கடித்தால் எந்தப் பெயரைச் சொல்லி அதட்டுவார்? தெய்வத்தின் பெயருக்கும் இதே தயக்கம் பலருக்கு உண்டு. தினமும் தீனி வைப்பவர் முழு மனதோடு சொல்ல முடியாத பெயர் லாயத்தில் ஒருநாளும் வழக்கத்துக்கு வராது.

பந்தயக் குதிரையாகப் பதிவு செய்வதென்றால் விதிகள் வேறு: பெரும்பாலான நாடுகளில் இடைவெளியையும் சேர்த்து 18 ஆங்கில எழுத்துகளுக்குள் பெயர் அடங்க வேண்டும்; புகழ்பெற்ற குதிரைகளின் பெயரை மறுபடி வைக்க முடியாது. ஜெர்மனியின் ஹனோவர் இனத்தில் தகப்பனின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே எழுத்தில் குட்டியின் பெயரும் தொடங்கும். ஐஸ்லாந்துக் குதிரையின் பெயரோடு அது பிறந்த பண்ணையின் பெயரும் சேர்ந்தே வரும். நம்மவர்கள் பெயருக்கு முன் ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டதைப் போன்ற அந்த வழக்கம் எனக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது. உங்களுடையது வீட்டுக் குதிரை என்பதால் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆனால் தடுப்பூசிச் சீட்டிலும் பரிசோதனைச் சான்றிதழிலும் ஒரே பெயர், ஒரே எழுத்தமைப்பில் இருக்கட்டும்.

இன்னும் பத்து நாட்கள் பொறுங்கள். அதுவரை ‘பொண்ணு’ என்றோ ‘அம்மணி’ என்றோ கூப்பிட்டுக்கொண்டு, அது எப்போது காதை மடக்குகிறது, தண்ணீர்த் தொட்டியில் எப்படி வாய் வைக்கிறது, புதியவர்களைக் கண்டால் முன்னே வருகிறதா பின்வாங்குகிறதா என்று பாருங்கள். மனத்தில் நிற்கும் இரண்டு மூன்று பெயர்களைத் தோட்டத்தின் மறுகோடியில் நின்று வீட்டில் ஒவ்வொருவரும் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். தடுமாறாமல் எல்லோர் வாயிலும் வரும் பெயரை எடுத்துக்கொண்டு, மறுநாள் காலைத் தீனியிலிருந்து அதை மட்டும் சொல்லத் தொடங்குங்கள்.