நாலு சக்கர பைக்கில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

வாசகர் கேள்விகள் - பட்டறை பதில்கள்

கேள்வி: 125 சிசி செயின் ஏடிவி (நாலு சக்கர பைக்) வைத்திருக்கிறேன். மழை பெய்தால் கரிசல் காட்டில் சக்கரம் முழுக்க மண் அப்பிக்கொண்டு வண்டி திணறுகிறது. பின்னால் 18 அங்குல டயரை எடுத்துவிட்டு 20 அங்குலம் போடலாமா?
- வாசகர், கள்ளிக்குடி

பதில்: போடாதீர்கள். டயர் உயர்ந்தால் இன்ஜினுக்குச் சுமை 11 சதவீதம் கூடும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் வண்டிக்கு அது மூட்டை மேல் மூட்டை. உயரத்தை 18-லேயே வைத்துக்கொண்டு, பட்டன்கள் (டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) ஆழமாகவும் இடைவெளி அதிகமாகவும் உள்ள டயரைப் பாருங்கள். நெருக்கமான பட்டனுக்குள் புகுந்த கரிசல் வெளியே வராது. அரை ஃபர்லாங்கில் டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும்.

இழுவைக்குக் கை வைக்க வேண்டிய இடம் ஸ்பிராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். முதலில் பற்களை எண்ணுங்கள். முன்னால் 15, பின்னால் 37 என்று வைத்துக்கொள்வோம். பலரும் பின்பக்கத்தை 41 ஆக்கச் சொல்வார்கள். இழுவை 11 சதவீதம் கூடும் என்பது சரிதான். ஆனால் அந்த ஸ்பிராக்கெட்டின் விளிம்பு 8 மில்லிமீட்டர் கீழே இறங்கும். வரப்பு ஏறும்போது கல்லில் முதலில் இடிப்பது அதுதான். செயினிலும் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டிவரும்.

அதற்குப் பதில் முன்பக்கம் 15-ஐ 14 ஆக்குங்கள். இழுவை 7 சதவீதம் கூடும், செலவு குறைவு, அரை மணி நேர வேலை. செயினில் வரும் தொய்வைச் சரிசெய்ய ஆக்சிலை 3 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் போதும். செயின் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய செயின் புதுப் பல்லைச் சீக்கிரமே தின்றுவிடும். எதை மாற்றினாலும் இழுவை கூடிய அளவுக்கு வேகம் குறையும். காட்டுக்குள் அது ஒரு நஷ்டமே இல்லை.

கேள்வி: இரவில் தண்ணீர் பாய்ச்சப் போக 120 வாட் எல்இடி பார் மாட்டினேன். இரண்டே நாளில் பேட்டரி படுத்துவிட்டது. பேட்டரி கோளாறா?
- வாசகர், மேலூர்

பதில்: பேட்டரி பாவம். 120 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். சின்ன வண்டிகளில் மேக்னெட்டோ காயில் (இன்ஜின் சுற்றும்போது கரன்ட் தருவது) கொடுப்பது பெரும்பாலும் 100 வாட்டைச் சுற்றித்தான். அதுவும் ரேஸ் கொடுத்தால். மெதுவாகப் போனால் அவ்வளவும் வராது. பற்றாக்குறை 5 ஆம்பியர் என்றால்கூட 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்காது.

18 வாட் விளக்கு இரண்டு போதும். மொத்தம் 3 ஆம்பியர். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ரிலேயின் (சின்ன கரன்டால் பெரிய கரன்டைத் திறந்து மூடும் சுவிட்ச்; முனைகளில் எண் இருக்கும்) 30-ஆம் முனைக்கு. 87 விளக்குக்கு, 85 ஆர்த்துக்கு. 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒயரிலிருந்து சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். ஆர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டுத்தான் போல்ட் போட வேண்டும். மங்கி மங்கி எரியும் விளக்குகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

முடித்ததும் விளக்கை எரியவிட்டு, லேசாக ரேஸ் கொடுத்து, பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை.

கேள்வி: 500 சிசி பெல்ட் வண்டி. வாய்க்கால் கடக்க பிவிசி குழாயில் ஸ்நார்க்கல் (தண்ணீருக்கு மேலிருந்து காற்று இழுக்கும் குழாய்) கட்டலாமா?
- வாசகர், சோழவந்தான்

பதில்: கட்டலாம், ஆனால் ஒரு குழாயோடு முடியாது. வண்டி மூன்று இடத்தில் மூச்சு விடுகிறது: ஏர் ஃபில்டர் பெட்டி, பெல்ட் பெட்டிக்குக் காற்று போகும் வாய், வெளியேறும் வாய். மூன்றையும் ஹேண்டில்பார் உயரத்துக்கு ஏற்றுங்கள். வெளியேறும் வாயை அடைத்துவிட்டால் போதும் என்று சிலர் செய்கிறார்கள். சூடு தேங்கி பெல்ட் கருகும். கியர் பெட்டி, கார்புரேட்டர் ஆகியவற்றின் மெல்லிய வென்ட் ஹோஸ்களையும் (காற்று போய்வரும் ரப்பர் குழாய்கள்) மேலே இழுத்துக் கட்ட மறக்காதீர்கள். கியர் ஆயில் மோர் நிறமாக மாறியிருந்தால் அந்த ஹோஸ் வழியே தண்ணீர் குடித்திருக்கிறது.

குழாயின் உள்விட்டம் பழைய வாயைவிடக் குறையக்கூடாது. 90 டிகிரி எல்போ ஒன்றைவிட 45 டிகிரி இரண்டு நல்லது. சைலன்சர் பக்கம் பிவிசி போனால் உருகும். சிலிக்கான் பசைக்கு ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஏர் ஃபில்டர் குழாயின் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். சில நொடியில் அணைய வேண்டும். அணையவில்லையா? எங்கோ காற்று இழுக்கிறது. அங்கேயே நாளை தண்ணீரும் இழுக்கும்.

இத்தனை செய்தாலும் கால் வைக்கும் பலகை மூழ்கும் ஆழத்துக்கு மேல் இறங்காதீர்கள். காற்றடைத்த அகல டயர்கள் மிதவை போல. மதகு திறந்த நேரத்தில் வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு போகும். நடுவில் அணைந்துவிட்டால் செல்ஃப் அடிக்கக்கூடாது. கரைக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

கேள்வி: இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன் மாட்டினால் ஏடிவியில் சந்தைக்குப் போகலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: கூடாது. வாங்கும்போது 21 (விற்பனைச் சான்று), 22 (சாலைத் தகுதிச் சான்று) எண் படிவங்கள் தந்தார்களா? தரவில்லை என்றால் அது பதிவு செய்ய முடியாத வண்டி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி பதிவில்லாத வண்டி பொது இடத்தில் ஓடக்கூடாது. ஊராட்சி ரோடும் அதில் சேர்த்திதான். தோட்டம் மாற வேண்டுமானால் குட்டி யானையில் ஏற்றுங்கள்.

கேள்வி: கண்மாய்க்குள் போனாலே சீமைக் கருவேல முள் குத்திப் பஞ்சர். ட்யூப் போடலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: ட்யூப் வேண்டாம். முள்ளின் முனை டயருக்குள் முறிந்து நிற்கும். அதை எடுக்காமல் ட்யூப் போட்டால் மறுபடி அதே முள் குத்தும். டயரைக் கழற்றி உட்புறத்தைக் கனத்த துணியால் துடைத்துப் பாருங்கள், முனை துணியில் மாட்டும். வெறுங்கையால் தடவ வேண்டாம். குறடால் பிடுங்கிவிட்டு சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். எவ்வளவு என்பது டயர் அளவைப் பொறுத்து பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கும்.

காற்று அடிக்கும்போது பங்க் மீட்டரை நம்பாதீர்கள். இந்த டயர்களுக்கு 3 முதல் 7 பிஎஸ்ஐதான். அந்தக் குறைந்த அளவை அது சரியாகக் காட்டாது. 0-10 பிஎஸ்ஐ கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் சேர்ந்து சுற்றும் வண்டியில், ஒரு டயரில் 1 பிஎஸ்ஐ குறைந்தாலே வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.