அழித்து அழித்து வரைய எந்தப் பரப்பு நல்லது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (வரைபடத்தில் பொம்மைகளை நகர்த்தி ஆடும் கதை விளையாட்டு) விளையாட, வாராவாரம் கட்டத்தாளில் நிலவறை வரைந்து தாள் தீர்கிறது, திரும்பத் திரும்பப் பயன்படுத்த எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பேனாவை முடிவு செய்யுங்கள், பரப்பு தானாக அமையும். வெள்ளைப் பலகையில் எழுதும் டிரை-எரேஸ் மார்க்கரை விரலாலேயே அழிக்கலாம். அதுவே அதன் குறையும்கூட: பொம்மையை நகர்த்தும்போது சட்டைக்கை பட்டு, நடுச்சண்டையில் சுவர் காணாமல் போகும். வெட்-எரேஸ் மார்க்கர் ஈரத்துணி பட்டால்தான் போகும். நீண்ட ஆட்டத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

செசெக்ஸ் பேட்டில்மேட் போன்ற வினைல் பாய்களில் வெட்-எரேஸ் மட்டுமே பயன்படுத்த வேண்டும். டிரை-எரேஸ் மை வினைலில் ஊறிக் கறையாகிவிடும். வெட்-எரேஸிலும் சிவப்பு கொஞ்சம் ஆபத்தானது, அன்றிரவே துடைத்துவிடுங்கள். பாயை மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

பைசோ நிறுவனத்தின் ஃபிளிப்-மேட் என்ற கட்டம் போட்ட விரிப்பை மடித்துப் பையில் வைக்கலாம், அது எந்த மார்க்கரும் ஏற்கும். அழியா மை பட்டாலும், அதன்மேல் டிரை-எரேஸால் வரைந்து உடனே துடைத்தால் போய்விடும்.

செலவு குறைய வேண்டுமா? ஓர் அங்குலக் கட்டங்களை அச்சிட்டு (ஒரு கட்டம் ஆட்டத்தில் 5 அடி), மேலே தெளிவான அக்ரிலிக் தகடு வையுங்கள். இரண்டு வகை மார்க்கரும் எழுதும். அப்புறம், அக்ரிலிக்கை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், மெல்லிய விரிசல் விழும்.