களிம்பு மாற்றினால் தீராது

கேள்வி: என் குதிரைக்கு எட்டு வயது. பின்கால் இரண்டும் வெள்ளை, முன்கால்கள் கறுப்பு. ஏழு மாதமாகப் பின்கால்களில் மட்டும் குளம்புக்கு மேலே, பின்பக்கக் குழியில் பொருக்குத் தட்டி வெடிக்கிறது. தினமும் கிருமிநாசினி சோப்புப் போட்டுக் கழுவி, பொருக்கை உரித்துக் களிம்பு தடவுகிறேன். ஆறுவதுபோல் இருந்து பத்தே நாளில் திரும்பிவிடுகிறது. வேறு நல்ல களிம்பு இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: களிம்பு இருக்கட்டும், முதலில் அந்தத் தண்ணீர் வாளியைத் தள்ளி வையுங்கள். தினமும் நனைந்தால் தோல் ஊறிப் பலமிழக்கும். இந்த இடத்தில் அடிக்கடி குடியேறும் டெர்மட்டோஃபிலஸ் என்ற பாக்டீரியா பொருக்குக்குள் உறங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். அதை எழுப்பிவிட்டு மேலே கெட்டியாகக் களிம்பு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பொருக்கை வறட்டு வறட்டென்று உரிப்பதையும் விடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்குதிரைக்கு அப்படி உரித்தேன். அது விட்ட உதையில் பத்து நாள் நொண்டினேன். தப்பு என்னுடையதுதான், அவ்வளவு வலிக்கும்.

அந்த இடத்து மயிரைக் கத்தரித்துவிடுங்கள். அழகு போகும், வளர்ந்துவிடும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவைத் தடவி, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். பலரும் தடவிய கையோடு கழுவிவிடுகிறார்கள், மருந்துக்கு வேலை செய்யவே நேரமில்லை. ஊறித் தானாகக் கழலும் பொருக்கை மட்டும் எடுங்கள், அதை லாயத்தில் போடாதீர்கள். அலசியபின் துண்டால் ஒற்றி, குழிக்குள் சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும். நடுவில் சேறு பட்டால் காயவிட்டுத் தட்டிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் மூன்று வாரத்தில் அடங்கவில்லை என்றால், வேறு காரணம் இருக்கிறது. ராத்திரியில் காலைத் தரையில் உதைக்கிறதா, காலைக் கடிக்கிறதா? அப்படியென்றால் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். கால்மயிர் அடர்ந்த குதிரைகளுக்கு இது அதிகம். வாய்வழிப் பூச்சிமருந்து இதற்குச் சரியாகப் பிடிக்காது, ஏனென்றால் இது ரத்தம் குடிப்பதில்லை, மேல்தோல் செதிளைத் தின்று வாழ்வது. மேலே அடிக்கும் மருந்துதான் வேண்டும். முட்டை பொரிந்து வளர ஏறக்குறைய மூன்று வாரம் ஆவதால், ஒரு தடவையோடு நிறுத்தக் கூடாது. கூட நிற்கும் குதிரைகளுக்கும் போட்டு, படுக்கை வைக்கோலையும் மாற்றுங்கள். நானே ஒரு குதிரைக்கு மூன்று மாதம் பாக்டீரியா வைத்தியம் பார்த்தேன். அது ராத்திரியெல்லாம் உதைப்பதை லாயக்காரர் சொன்ன பிறகுதான் தோலைச் சுரண்டிப் பார்த்தேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு: வெள்ளைக் கால்களில் மட்டும் என்கிறீர்கள். அரிப்பைவிட வலி அதிகமாக இருந்து, காலும் வீங்கியிருந்தால், அது தோலின் சிறு ரத்தநாளங்களில் வரும் அழற்சியாக இருக்கலாம். வெயில் அதைக் கூட்டும். கழுவிக் கழுவி அது ஆறவே ஆறாது. பகலில் காலை மூடியோ நிழலில் கட்டியோ வையுங்கள். ஸ்டீராய்டு தேவைப்படலாம், அதை மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். குதிரைக்கு மூக்கிலோ நெற்றியிலோ வெள்ளை உண்டா? அங்கும் தோல் வெந்ததுபோல் இருந்தால் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நோய் காலில் தெரிந்தாலும் வேர் அங்கே இருக்கலாம்.

கால் மேலேறி வீங்கினாலோ, நொண்டினாலோ, உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்புறம், கையுறை இல்லாமல் பொருக்கைத் தொடாதீர்கள். டெர்மட்டோஃபிலஸ் நம் தோலிலும் வரும், படர்தாமரையாக இருந்தால் அதுவும் ஒட்டிக்கொள்ளும்.